அர்டுயினோ நானோவில் பின் (இணைப்பு முனை) போதவில்லை: கீபேட், பெரிய டிஸ்ப்ளே, எல்சிடி மூன்றையும் எப்படி இணைப்பது?

பீன்யா_பேக்கிங்:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்ன பேக்கிங் யூனிட்டில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். கன்வேயரில் போகிற டப்பாக்களை எண்ணி, கீபேடில் அடித்த எண்ணிக்கை வந்ததும் பெல்ட்டை நிறுத்தி ஹூட்டர் அடிக்கிற பேட்ச் கவுண்டர் ஒன்று செய்ய வேண்டும். இப்போது ஆட்கள்தான் எண்ணுகிறார்கள். ஷிப்ட் முடிகிற நேரத்தில் கணக்கு தவறி, ஒட்டிய பெட்டியைப் பிரித்து மறுபடி எண்ணுவது வழக்கமாகிவிட்டது. அந்த வேலையை அவர்களுக்கு மிச்சப்படுத்த வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

கையில் இருப்பது அர்டுயினோ நானோ என்ற சின்ன கண்ட்ரோலர் போர்டு. கணக்கு இப்படி வருகிறது. 4×4 மெம்பிரேன் கீபேடுக்கு 8 பின். நாலு இலக்க செவன் செக்மென்ட் டிஸ்ப்ளேக்கு புள்ளியோடு சேர்த்து 8 செக்மென்ட் (எண்ணை உருவாக்கும் கோடுகள்), இலக்கத்துக்கு ஒன்றாக 4 காமன் (பொது முனை), ஆக 12. மெனுவுக்கு 16×2 எல்சிடி, 4 பிட் முறையில் 6. சென்சாருக்கு 1, ரிலேக்கு 2, ஹூட்டருக்கு 1. மொத்தம் 30. நானோவில் டி0, டி1 இரண்டையும் புரோகிராம் ஏற்ற விட்டுவிட்டால் எனக்கு மிஞ்சுவது 18. ஏ6, ஏ7 அனலாக் மட்டும் படிக்கும் என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை.

பேசாமல் மெகா போர்டு வாங்கிவிடலாமா? இல்லை, இதற்கு நல்ல வழி இருக்கிறதா?

எஸ்பிரோடு_உலா:

மெகா வாங்கினால் பின் கிடைக்கும், உண்மைதான். 54 டிஜிட்டல் பின், 16 அனலாக். ஆனால் பேனல் கதவில் கீபேடும் டிஸ்ப்ளேயும் எல்சிடியும் இருக்கும், போர்டு உள்ளே இருக்கும். கதவைத் திறந்து மூடுகிற இடத்தில் 26 ஒயர் தொங்கும். பின் குறைந்தால் ஒயரும் குறைகிறது, லூஸ் கனெக்‌ஷனும் குறைகிறது. ஃபேக்டரியில் அதுதான் பெரிய லாபம்.

எல்சிடியை முதலில் முடித்துவிடலாம். சிக்பேட் மெட்ரோவில் இறங்கி எஸ்.பி. ரோட்டுக்குள் நடந்தால் பின்னால் ஐ2சி (இரண்டே ஒயரில் பல ஐசிகள் பேசும் முறை) பேக்பேக், அதாவது துணைப் போர்டு, சால்டர் செய்த 16×2 எல்சிடி கேட்ட கடையில் எல்லாம் கிடைக்கும். ஏ4, ஏ5 என்று இரண்டே பின். வாங்கும்போது பேக்பேக் மேல் உள்ள ஐசியைப் பாருங்கள். பிசிஎஃப்8574டி என்று இருந்தால் முகவரி பெரும்பாலும் ஹெக்ஸில் 27, பிசிஎஃப்8574ஏடி என்றால் 3எஃப். திரை விளக்கு எரிந்தும் எழுத்து வராதவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த முகவரியை. அடுத்து, பின்னால் உள்ள நீல நிற கான்ட்ராஸ்ட் பிரிசெட்டை.

எட்டுபிட்:

தம்பி, பின்னை எண்ணுவதற்கு முன்னால் ஒவ்வொரு பொருளையும் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதற்கு எவ்வளவு அவசரம்?

உங்கள் பட்டியலில் உண்மையிலேயே அவசரம் உள்ளது சென்சார் ஒன்றுதான். டப்பா கடக்கிற அந்த நொடியைத் தவறவிட்டால் கணக்கு போச்சு. அதற்குத் தனிப் பின், அதுவும் இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்தி உடனே கவனிக்க வைக்கும் வசதி) உள்ள டி2 அல்லது டி3. அதில் எந்தப் பங்கு போடுதலும் கூடாது.

மற்றது எல்லாம் மனிதர் கண்ணுக்கும் விரலுக்கும் உரியவை. ஒருவர் பட்டனை எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் அது சுமார் 100 மில்லி செகண்ட் அழுந்தி இருக்கும். 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை பார்த்தால் தாராளம். அந்த 10 மில்லி செகண்டில் 16 மெகாஹெர்ட்ஸ் கண்ட்ரோலர் ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிளாக் ஓடிவிடும். டிஸ்ப்ளேயில் எண் மாறுவதைக் கண் பார்ப்பதற்கும் இதே கதைதான். ஆக இவற்றுக்கெல்லாம் ஆளுக்கொரு பின் கொடுப்பது வீண். தகவலை வரிசையாக ஒரே ஒயரில் அனுப்பி, அந்தப் பக்கம் பிரித்துக்கொள்ளலாம். 74எச்சி595 ஷிஃப்ட் ரெஜிஸ்டர் செய்வது அதைத்தான். டேட்டா, கிளாக், லாட்ச் என மூன்று பின். அதில் ஒன்றின் வாலில் இன்னொன்றை மாட்டிக்கொண்டே போகலாம். 8 வெளியீடு, 16, 32 என்று வளர்ந்தாலும் இந்தப் பக்கம் மூன்று பின்தான்.

உள்ளே வரும் சிக்னலுக்கு இதன் ஜோடி 74எச்சி165. இரண்டு திசையும் வேண்டும் என்றால் பிசிஎஃப்8574. எல்சிடி பேக்பேக்கில் இருக்கிற அதே ஐசி. அதில் 8 பின், 4×4 கீபேடுக்கு அப்படியே பொருந்தும். அதன் பின்கள் உயர் நிலையில் சுமார் 100 மைக்ரோ ஆம்பியர்தான் தரும், தாழ் நிலையில் 25 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். கீபேடுக்கு அந்த பலவீனமே வசதி. தனியாக புல்-அப் (வரியை உயர் நிலையில் வைக்கும் ரெசிஸ்டர்) வேண்டாம், தவறி இரண்டு வரி மோதினாலும் எதுவும் எரியாது. இன்டரப்ட் பின்னும் உண்டு. எல்சிடிக்கும் இதற்கும் ஒரே ஏ4, ஏ5 போதும், முகவரி மட்டும் வேறாக இருக்க வேண்டும்.

லேப்டீச்சர்:

எட்டுபிட் சார் சொன்ன அவசரம் என்ற கேள்வி மிகச் சரி. அதோடு இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: ஒரு பின் வேலை இல்லாமல் நிற்கும் நேரம் எவ்வளவு?

நான் டிப்ளமோ மாணவர்களுக்கு எம்பெடட் லேப் எடுக்கிறேன். 8085 மைக்ரோபிராசசர் கிட்டில் படித்தவர்களுக்கு இன்டெல் 8279 நினைவிருக்கும். 40 பின் ஐசி. கீபோர்டையும் டிஸ்ப்ளேயையும் சேர்த்தே கவனிக்கும். 64 சாவி வரைக்கும் படிக்கும், 16 இலக்கம் வரைக்கும் காட்டும். இரண்டையும் ஏன் ஒரே ஐசியில் வைத்தார்கள் என்று பல மாணவர்கள் கேட்பதே இல்லை. காரணம், டிஸ்ப்ளேயில் எந்த இலக்கம் எரிய வேண்டும் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற ஸ்கேன் வரிகள், கீபேடில் எந்த வரிசையைப் படிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதற்கும் அப்படியே உதவும். ஒரே சுற்று, இரண்டு வேலை.

நம் கண்ட்ரோலரிலும் அதைச் செய்யலாம். முதல் இலக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் பின் தாழும்போது கீபேடின் முதல் வரிசையும் தாழ்கிறது. அந்த 2 மில்லி செகண்ட் முதல் இலக்கம் எரியும். அதே நேரத்தில் நான்கு நெடுவரிசைப் பின்களைப் படித்தால் முதல் வரிசையில் எது அழுந்தியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு அடுத்த இலக்கம், அடுத்த வரிசை. நாலு இலக்கமும் சுற்றி வர 8 மில்லி செகண்ட், அதாவது நொடிக்கு 125 முறை. கண்ணுக்கு மினுக்கல் தெரியாது, கீபேடுக்கும் போதுமான வேகம்.

பின் கணக்கு பாருங்கள். தனித்தனியாக 12 + 8 = 20. பங்கு போட்டால் 8 செக்மென்ட், 4 ஸ்கேன், 4 திரும்பும் வரி, மொத்தம் 16. செக்மென்டை 595 வழியாக விட்டால் 3 + 4 + 4 = 11. ஸ்கேனையும் இன்னொரு 595 மேல் ஏற்றினால் 3 + 4 = 7. இருபது ஏழாகிறது, கூடுதல் செலவு இரண்டு ஷிஃப்ட் ரெஜிஸ்டர். மாணவர்கள் இதை பிரெட்போர்டில் முதல்முறை ஓடவிடும்போது அவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சியைப் பார்ப்பதற்காகவே ஒவ்வொரு வருடமும் இந்தப் பயிற்சியை விடாமல் வைத்திருக்கிறேன்.

செய்யும்போது மூன்று இடத்தில் கவனம் வேண்டும். இலக்கத்தின் காமன் பின்னை கண்ட்ரோலரில் நேரடியாக மாட்டக் கூடாது. 8 செக்மென்ட் தலா 10 மில்லி ஆம்பியர் என்றால் காமனில் 80. நானோவில் உள்ள ஏடிமெகா328பி கண்ட்ரோலரின் ஒரு பின்னுக்கு உச்ச வரம்பே 40. நடுவில் டிரான்சிஸ்டர் கட்டாயம். அடுத்தது, இலக்கம் மாற்றும் முன் எல்லா செக்மென்டையும் அணைத்துவிட்டு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து இலக்கத்தின் மங்கலான நிழல் இதில் விழும்.

மூன்றாவது, பலர் தவறவிடுவது. தேர்ந்தெடுக்காத ஸ்கேன் வரிகள் உயர் நிலையில் நிற்கும். யாராவது ஒரே நெடுவரிசையில் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால், உயர் நிலையில் உள்ள ஒரு வெளியீடும் தாழ் நிலையில் உள்ள இன்னொரு வெளியீடும் கீபேட் வழியாக ஷார்ட் ஆகும். அதனால் ஒவ்வொரு கீபேட் வரிசையிலும் ஒரு 1என்4148 டயோடு போடுங்கள், பட்டை உள்ள கேதோடு முனை ஸ்கேன் பக்கம். கீபேடை நேராக கண்ட்ரோலரில் மாட்டினால் டயோடு இல்லாமலே தப்பிக்கலாம்: தேர்ந்தெடுக்காத வரிகளை உயர்த்தாமல் இன்புட்டாக மாற்றி மிதக்க விட்டால் போதும்.

பீன்யா_பேக்கிங்:

மேடம், 8279 கதை அருமை. எங்கள் பாலிடெக்னிக் லேபில் அந்தக் கிட் இருந்தது, ஆனால் இந்தக் காரணத்தை யாரும் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தை நான் முதலிலேயே சொல்லியிருந்தால் உதவியாக இருந்திருக்கும்: டிஸ்ப்ளே பெட்டியில் இருக்காது. பெல்ட்டுக்கு மேலே, மறுகோடியில் நிற்பவருக்கும் தெரிகிற மாதிரி மாட்ட வேண்டும். 2.3 இன்ச் இலக்கங்கள் பார்த்து வைத்திருக்கிறேன். பெட்டியிலிருந்து 3 மீட்டர் ஒயர் போகும். இதற்கு டிஎம்1637, மேக்ஸ்7219 மாதிரி டிஸ்ப்ளேயை ஓட்டும் ஐசி உள்ள ரெடிமேட் மாட்யூல் எதையாவது பயன்படுத்த முடியுமா?

எஸ்பிரோடு_உலா:

அந்தச் சின்ன இலக்க மாட்யூல்களாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். டிஎம்1637 இரண்டு ஒயர், நாலு இலக்கம், ஐசிக்குள்ளேயே 16 சாவி படிக்கும் வசதியும் உண்டு. ஆனால் பார்க்க ஐ2சி மாதிரி இருந்தாலும் முகவரி கிடையாது, அதனால் எல்சிடியோடு ஏ4, ஏ5-ல் சேர்க்கக் கூடாது. டிஎம்1638 மூன்று ஒயர், 8 இலக்கம், 24 சாவி. மாட்யூலாக வாங்கினால் 8 இலக்கமும் 8 பட்டனும் 8 எல்இடியும் ஒரே போர்டில் வருகிறது. மேக்ஸ்7219 மூன்று ஒயர், 8 இலக்கம், காமன் கேதோடு (பொது முனை மைனஸ்) வகை மட்டும், சாவி படிக்காது. எச்டி16கே33 உண்மையான ஐ2சி. 39 சாவி வரை படிக்கும்.

ஆனால் 2.3 இன்ச் என்றதும் கதை மாறுகிறது. அந்த அளவு இலக்கங்கள் பெரும்பாலானவற்றில் ஒரு செக்மென்டுக்குள் நாலு எல்இடி தொடராக இருக்கும். சிவப்பு என்றால் 7, 8 வோல்ட் கேட்கும். இந்த ஐசிகள் எல்லாம் 5 வோல்ட்டில் ஓடுபவை. மாட்டினால் எரியவே எரியாது. வாங்கும்போது கடையிலேயே 12 வோல்ட்டும் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரும் வைத்து ஒவ்வொரு செக்மென்டையும் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். காமன் ஆனோடா, கேதோடா என்பதையும் அங்கேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

எட்டுபிட்:

இந்தத் தகவல் வந்தபிறகு என் யோசனை வேறு. லேப்டீச்சர் சொன்ன பங்கு முறை அழகானது, பெட்டிக்குள்ளேயே எல்லாம் இருந்தால் நானும் அதையே செய்வேன். ஆனால் டிஸ்ப்ளே 3 மீட்டர் தள்ளி, 12 வோல்ட்டில், கீபேட் கதவில். இரண்டையும் ஒரே ஸ்கேனில் கட்டிப்போட்டால் நீளமான ஒயரில் ஓயாமல் ஸ்கேன் ஓடும்; அந்த ஒயரில் வரும் இரைச்சல் கீபேடையும் கெடுக்கும்.

இலக்கத்துக்கு ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர் கொடுத்துவிடுங்கள். டிபிஐசி6பி595 என்று ஒன்று உண்டு. 595 போலவே நடந்துகொள்ளும். ஒவ்வொரு வெளியீடும் தொடர்ந்து 150 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், 50 வோல்ட் வரை தாங்கும். இழுக்க மட்டும் செய்யும் என்பதால் காமன் ஆனோடு இலக்கம் வாங்க வேண்டும். நாலு ஐசியைத் தொடராகக் கோர்த்தால் 32 வெளியீடு, 32 செக்மென்ட். அது கிடைக்காவிட்டால் சாதாரண 74எச்சி595, அதன் பின்னால் யுஎல்என்2803 டிரான்சிஸ்டர் ஐசி. இலக்கத்துக்கு ஒரு ஜோடி.

இதன் சிறப்பு என்னவென்றால், ஸ்கேனே கிடையாது. எண்ணை ஒருமுறை தள்ளிவிட்டால் அடுத்த எண் வரும்வரை அப்படியே எரியும். நாலு இலக்கத்தை ஸ்கேன் செய்தால் ஒவ்வொன்றும் கால்வாசி நேரம்தான் எரியும். அதே வெளிச்சத்துக்கு நாலு மடங்கு கரன்ட் தள்ள வேண்டும். இங்கே 15 மில்லி ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் டிபிஐசிக்கு 270 ஓம், யுஎல்என் போட்டால் அதிலேயே சுமார் ஒரு வோல்ட் போய்விடும், அதனால் 220 ஓம். எல்லா இலக்கமும் 8 காட்டும்போது 28 செக்மென்ட், 420 மில்லி ஆம்பியர். ஒரு ஆம்பியர் 12 வோல்ட் அடாப்டர் தாங்கும். புள்ளியில் மட்டும் எல்இடி எண்ணிக்கை குறைவாக இருக்கும், அதற்கு ரெசிஸ்டர் மதிப்பு கூட வேண்டும்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. பேக்பேக் எல்சிடி மெதுவானது. 100 கிலோஹெர்ட்ஸ் ஐ2சியில், வழக்கமான லைப்ரரி ஒரு எழுத்து எழுதவே ஒரு மில்லி செகண்டுக்கு மேல் எடுக்கும். 32 எழுத்தையும் மறுபடி எழுதினால் 40 மில்லி செகண்ட் பக்கம் போய்விடும். ஸ்கேன் செய்கிற டிஸ்ப்ளேயை மெயின் லூப்பில் வைத்திருந்தால் அந்த நேரம் ஒரு இலக்கம் பளிச்சென்று நின்று மற்றவை அணையும். டைமர் இன்டரப்டில் வைத்தால் தீரும். ஆனால் ஸ்கேனே இல்லை என்றால் அந்தக் கவலையே இல்லை. 32 பிட்டை எஸ்பிஐ (கண்ட்ரோலரே பிட்டுகளை வரிசையாகத் தள்ளும் வசதி) வழியாக ஒரு மெகாஹெர்ட்ஸில் தள்ள 32 மைக்ரோ செகண்ட் போதும்.

ஓசூர்ரோடு_ஐஓடி:

ஈஎஸ்பி32 போர்டு பற்றி யாரும் பேசவில்லையே? பின்னும் அதிகம், வைஃபையும் வரும். எண்ணிக்கையை மொபைலில் பார்க்கலாம்.

எட்டுபிட்:

வைஃபை வேண்டும் என்றால் நல்ல தேர்வு. ஆனால் பின் அதிகம் என்று நினைத்து மட்டும் போகக் கூடாது. 6 முதல் 11 வரை ஃபிளாஷ் மெமரிக்கு. 34 முதல் 39 வரை இன்புட் மட்டும், புல்-அப்பும் கிடையாது. 12ஆம் பின் பூட் ஆகும் நேரத்தில் உயர் நிலையில் இருந்தால் போர்டு எழுந்திருக்காது. கீபேட் வரியை அதில் வைத்து நாளெல்லாம் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு அது 3.3 வோல்ட். டிபிஐசி6பி595 தன் சப்ளையில் 85 சதவீதம் வந்தால்தான் உயர் நிலை என்று ஒப்புக்கொள்ளும். 5 வோல்ட்டில் அது 4.25. நடுவில் 74எச்சிடி வகை பஃபர் ஒன்று போட்டே ஆக வேண்டும். பீன்யா தம்பிக்கு 5 வோல்ட் நானோவே இந்த வேலைக்கு நேரானது.

சிவாஜிநகர்_ஹாபி:

கீபேடை ஒரே அனலாக் பின்னில் படிக்கிற முறை இருக்கிறதே? ஏ6, ஏ7 சும்மாதானே கிடக்கிறது. ரெசிஸ்டர் ஏணி போட்டு ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வோல்டேஜ். ஒரே ஒயர், ஒரே பின்.

லேப்டீச்சர்:

நல்ல முறை, இடம் பார்த்துப் பயன்படுத்தினால். நாலைந்து பட்டன் என்றால் நான் தயங்காமல் சொல்வேன். ஏடிசியின் (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) ரெஃபரன்ஸும் ஏணியின் சப்ளையும் ஒன்றாக இருந்தால், 5 வோல்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் விகிதம் மாறாது.

16 பட்டன் என்றால் 0 முதல் 1023 வரையுள்ள அளவைப் பதினாறாகப் பிரிக்க வேண்டும். சமமாகப் பிரித்தாலே ஒன்றுக்கு 64 படிதான். ரெசிஸ்டர்கள் 5 சதவீத வகை என்றால் அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். மெம்பிரேன் கீபேடின் தொடுபுள்ளிக்கு ஒரு தடை உண்டு, அது பழக்கத்திலும் ஈரத்திலும் மாறும். புதிதில் சரியாகப் படித்த 7, சில மாதம் கழித்து 8 என்று படிக்கும். பேட்ச் எண்ணிக்கையை அடிக்கிற கீபேடில் அது நடக்கக் கூடாது. டிஜிட்டலாகப் படித்தால் சில நூறு ஓம் கூடினாலும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் ஏடிமெகாவின் உள் புல்-அப்பே 20 முதல் 50 கிலோ ஓம்.

பெயர் அடிபடும் என்பதால், குறைந்த பின்னில் நிறைய எல்இடி எரிக்கும் சார்லிபிளெக்ஸிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பின் எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கினால் வரும் அளவுக்கு எல்இடி மாட்டலாம். 4 பின்னில் 12 வரும். மேக்ஸிமில் வேலை செய்த சார்லி ஆலன் 1995-ல் முன்வைத்த முறை, அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது. இண்டிகேட்டர் எல்இடிகளுக்கு நன்றாக இருக்கும். 12 வோல்ட் பெரிய இலக்கத்துக்கு உதவாது.

ஸ்ரீராம்புரம்_சர்வீஸ்:

எல்லோரும் டேபிள் மேல் ஓடுகிற சர்க்யூட்டைப் பேசுகிறீர்கள். நான் ஃபேக்டரி பேனல் ரிப்பேர் செய்பவன், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

இந்த மாதிரி கவுண்டர் என்னிடம் வந்தால் பத்தில் எட்டு தடவை புகார் ஒன்றுதான்: மோட்டார் நின்றதும் எல்சிடியில் கட்டம் கட்டமாகக் குப்பை எழுத்து. காரணம் கான்டாக்டர் (மோட்டாரை இயக்கும் பெரிய ரிலே) காயில் விடும்போது கிளம்பும் ஸ்பைக், அதாவது திடீர் வோல்டேஜ் எழுச்சி. 4 பிட் முறையில் எல்சிடிக்கு ஒரு எழுத்து இரண்டு பாதியாகப் போகிறது. நடுவில் எனேபிள் ஒயரில் ஒரு பொய்த் துடிப்பு நுழைந்தால் பாதி தவறிப்போய், அதற்குப் பிறகு வருவது எல்லாம் இடம் மாறிப் படிக்கப்படும். தானாகத் திருந்தாது. அதனால் மெனு மாறும் ஒவ்வொரு தடவையும், ரிலே விட்ட உடனேயும், எல்சிடியை மறுபடி இனிஷியலைஸ் செய்யும்படி எழுதுங்கள். பார்ப்பவருக்கு ஒரு சின்னச் சிமிட்டல்தான் தெரியும்.

ஆனால் அது மருந்துதான். நோய்க்கு வைத்தியம் காயிலேயே செய்ய வேண்டும். டிசி ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007. ஏசி கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே ஆர்சி ஸ்னப்பர் (தொடராக ஒரு ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும்). சென்சார் 24 வோல்ட் என்பிஎன் வகையாக இருக்கும், அதை பிசி817 ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி மூலம் கடத்தும் ஐசி) வழியாக மட்டும் உள்ளே விடுங்கள்.

ஐ2சி ஒயரைப் பெட்டிக்கு வெளியே கொண்டுபோகவே வேண்டாம். அந்த பஸ் ஒரே போர்டுக்குள் ஐசிகள் பேசிக்கொள்ளப் பிறந்தது. மொத்த கப்பாசிட்டன்ஸ் 400 பைக்கோ ஃபாரடுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. இரைச்சலில் ஒரு கிளாக் தவறினால் ஸ்லேவ் ஐசி (கண்ட்ரோலர் சொல்வதைக் கேட்கும் ஐசி) டேட்டா வரியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும், புரோகிராம் அதற்காகக் காத்துக்கொண்டே உறைந்துவிடும். லைப்ரரியில் டைம்அவுட் வசதியை இயக்குங்கள். உறைந்தால் கிளாக் வரியில் 9 துடிப்பு கொடுத்தால் ஸ்லேவ் விட்டுவிடும்.

டிஸ்ப்ளேக்குப் போகும் 3 மீட்டருக்கு லேன் கேபிள் எடுங்கள். டேட்டா, கிளாக், லாட்ச் ஒவ்வொன்றையும் ஒரு கிரவுண்ட் ஒயரோடு முறுக்கிய ஜோடியாக விடுங்கள். நானோ பக்கம் ஒவ்வொரு வரியிலும் தொடராக 100 ஓம், டிஸ்ப்ளே பக்கம் சிக்னலைச் சீராக்கும் 74எச்சி14 ஒன்று. அது சிக்னலைத் தலைகீழாக்கும் என்பதால் ஒவ்வொரு வரியையும் இரண்டு கேட் வழியாக விட வேண்டும்; ஐசியில் ஆறு கேட், மூன்று வரிக்குச் சரியாக இருக்கும். ஒவ்வொரு ஐசிக்கும் பக்கத்திலேயே 0.1 மைக்ரோ ஃபாரட். எட்டுபிட் சார் ஒருமுறை தள்ளினால் போதும் என்றார். நான் நொடிக்குப் பத்து தடவை தள்ளச் சொல்வேன். ஸ்பைக்கில் ஒரு செக்மென்ட் கெட்டாலும் யாரும் கவனிக்கும் முன் சரியாகிவிடும்.

எட்டுபிட்:

முழுக்க ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. நொடிக்குப் பத்து தடவை என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

பீன்யா_பேக்கிங்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். ஆபரேட்டர்களில் கன்னடம் பேசுபவர்கள், தமிழர்கள், வட இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என எல்லோரும் இருக்கிறார்கள். எல்சிடி மெனுவைக் கன்னடத்தில் காட்ட முடியுமா?

லேப்டீச்சர்:

அந்த எல்சிடியில் உள்ள எச்டி44780 வகை கண்ட்ரோலரில் நாமே வரையும் எழுத்துக்கு எட்டு இடம்தான், ஒவ்வொன்றும் 5×8 புள்ளி. கன்னடமோ தமிழோ அதில் அடங்காது. மெனுவைச் சொற்களில் எழுதாமல், கீபேடின் ஏ, பி, சி, டி பட்டன்களுக்கு ஆளுக்கொரு வேலை கொடுத்து, பட்டனுக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எல்சிடியில் இலக்கு எண், நடப்பு எண் இரண்டு மட்டும் வரட்டும். எண்ணை எல்லோரும் படிப்பார்கள். உங்கள் ஆபரேட்டர்களை நினைத்துக் கேட்டீர்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

பீன்யா_பேக்கிங்:

அப்படியே செய்கிறேன் மேடம். இப்போது என் பின் கணக்கு:

டி2 சென்சார். டி10 லாட்ச், டி11 டேட்டா, டி13 கிளாக். ஏ4, ஏ5 எல்சிடி. ஏ0 ஹூட்டர், ஏ1, ஏ2 ரிலே. இதுவரை 9. மிச்சம் 9 இருப்பதால் கீபேடுக்கு எக்ஸ்பேண்டர் எதுவும் இல்லாமல் நேராகவே டி3 முதல் டி9 வரையும் டி12-உம், மொத்தம் 8. ஏ3 ஒன்று மிஞ்சுகிறது. சரியா?

எட்டுபிட்:

நன்றாக வந்திருக்கிறது. கீபேடை நேராக மாட்டியதே சரி. பின் இருக்கும்போது நடுவில் ஐசி எதற்கு?

மிஞ்சிய ஏ3-ஐ டிபிஐசியின் ஜி பின்னுக்குக் கொடுங்கள், டிஸ்ப்ளே பக்கம் அந்த வரியில் 10 கிலோ ஓம் புல்-அப்போடு. பவர் வந்த நொடியில் ஷிஃப்ட் ரெஜிஸ்டருக்குள் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது, கண்டபடி செக்மென்ட் எரியும். ஜி உயர் நிலையில் இருக்கும்வரை எல்லாம் அணைந்திருக்கும். முதல் எண்ணைத் தள்ளிய பிறகு ஏ3-ஐத் தாழ்த்துங்கள். இது வேகமாக மாறும் வரி இல்லை, அதனால் 74எச்சி14 வழியாக விட வேண்டாம்.

டி12-ஐ மட்டும் கவனியுங்கள். எஸ்பிஐ ஓடும்போது அந்தப் பின் கட்டாயமாக இன்புட் ஆகிவிடும், அதில் வெளியீடு கொடுக்க முடியாது. புல்-அப் வேலை செய்யும். எனவே கீபேடில் எந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்களோ அந்தப் பக்கத்து வரியாக அதை வையுங்கள். அர்டுயினோவின் வழக்கமான கீபேட் லைப்ரரி வரிசைகளைப் படித்து நெடுவரிசைகளைத் தாழ்த்துகிறது. ஆக டி12 ஒரு வரிசைக்கு. டி10 எப்போதும் வெளியீடாகவே இருக்கட்டும். அது இன்புட்டாகித் தாழ்ந்தால் எஸ்பிஐ ஸ்லேவாக மாறி நின்றுவிடும். லாட்ச் அதில்தான் இருப்பதால் உங்களுக்குப் பிரச்சினை வராது.

எண்ணிக்கை மாறி 16 பிட்டாக இருக்கும், கண்ட்ரோலர் 8 பிட். மெயின் லூப் அதை இரண்டு பாதியாகப் படிக்கும்போது நடுவில் ஒரு டப்பா கடந்தால் 255-க்கும் 256-க்கும் இடையில் தவறான எண் கிடைக்கும், பெல்ட் வேண்டாத இடத்தில் நிற்கும். இன்டரப்டை நிறுத்தி, எண்ணை நகலெடுத்து, உடனே இன்டரப்டைத் திரும்ப இயக்குங்கள். ஒப்பிடுவது, காட்டுவது எல்லாம் நகலை வைத்து.

பீன்யா_பேக்கிங்:

குறித்துக்கொண்டேன் சார். சனிக்கிழமை எஸ்.பி. ரோடு போகிறேன். டிபிஐசி கிடைக்காவிட்டால் 595, யுஎல்என்2803 ஜோடி, 220 ஓம்.

எஸ்பிரோடு_உலா:

595 போட்டால் ஜி பின் இருக்காது, அதே வேலையைச் செய்யும் பின் 13. வெளியீடுகள் மிதக்கும்போது யுஎல்என் தானாக அணைந்துவிடும், தனி ரெசிஸ்டர் வேண்டாம். இலக்கம் ஐந்தாக வாங்குங்கள்; அதே மாடல், அதே நிறம் அடுத்த முறை கிடைக்கும் என்று உறுதி இல்லை.